எம்பிஏ விண்ணப்பத்தில் தலைமைத்துவமும் பொருத்தமும்: சுங்கை சிப்புட் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். அம்மா ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஏழு வருடம் வேலை பார்த்த பிறகு எம்பிஏ படிக்க ஆசை வந்தது. முதல் முறை விண்ணப்பித்த மூன்று வணிகப் பள்ளிகளும் கையை விரித்துவிட்டன. மறு வருடம் ஒன்றில் இடம் கிடைத்தது. இப்போது ஈப்போவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிலர் விண்ணப்பக் கட்டுரைகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

அக்கா, நான் எந்தப் பதவியிலும் இல்லை. என்னிடம் என்ன தலைமைத்துவம் இருக்கிறது?

முதலில் வருவது எப்போதும் இந்தக் கேள்விதான். பள்ளிகள் கேட்பது பதவியை இல்லை. ஸ்டான்ஃபோர்ட் வணிகப் பள்ளி தான் பார்க்கும் அம்சங்களில் ஒன்றாகத் தலைமைத்துவத் திறனின் அறிகுறியைச் சொல்கிறது. இன்றைக்கு எத்தனை பேருக்கு மேலாளர் என்பதைவிட, நாளைக்கு என்னவாக வளரக்கூடியவர் என்பதற்கு இப்போதே ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்பதுதான் அவர்கள் கவலை. ஹார்வர்ட் 2024இல் தன் கட்டுரைக் கேள்விகளை மாற்றி மூன்று சின்னக் கட்டுரைகளாக ஆக்கியது. அதில் ஒன்று தலைமைத்துவம் பற்றியது. அதிலும் 'மற்றவர்கள் வளர நீங்கள் எப்படி உழைக்கிறீர்கள்' என்பதும் 'எப்படித் தலைமை தாங்குகிறீர்கள்' என்பதும் ஒரே கேள்விக்குள் வருகின்றன. இரண்டையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நான் வருகிறவர்களிடம் கேட்பது ஒரே கேள்வி. உங்களால் யார், எதை, முன்பு செய்ததைவிட வேறு மாதிரி செய்தார்கள்? அதற்குப் பதில் இருந்தால் கட்டுரை இருக்கிறது.

ஒரு தம்பி பாமாயில் ஆலையில் உதவிப் பொறியாளர். கட்டுரையில் 'பத்துப் பேர் கொண்ட குழுவை நிர்வகித்தேன்' என்று எழுதியிருந்தார். சரி, நிர்வகித்து என்ன நடந்தது என்றேன். முழித்தார். அப்புறம் பேசப் பேசத்தான் வந்தது. வெட்டிய செம்பனைக் குலையைச் சீக்கிரம் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும், தரம் இறங்கும். ஆனால் எல்லாத் தோட்டத்து லோரிகளும் மாலையில் ஒரே சமயம் வந்து ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். லோரி ஓட்டுநர்கள் இவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் இல்லை. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்களும் இல்லை. யாரையும் அதட்ட முடியாது.

இவர் இரண்டு வாரம் தன் வேலை முடிந்த பிறகு எடைமேடைப் பக்கம் நின்று ஓட்டுநர்களோடு தே தாரிக் குடித்தார். அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: மதியம் வந்தால் குலையை இறக்க ஆள் இருப்பதில்லை, எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள், காத்துக் கிடப்பதற்குப் பதில் மாலையிலேயே வரலாம். இவர் ஆலை மேலாளரிடம் பேசி இரண்டு பேரின் சாப்பாட்டு நேரத்தை மாற்றிவைத்தார். பிறகு மூன்று மண்டோர்களைப் போய்ப் பார்த்து, முதல் நடையைப் பதினொரு மணிக்குள் அனுப்பிப் பாருங்கள் என்று கேட்டார். இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் முடியாது என்றார். அந்த இருவரின் ஓட்டுநர்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டு மூன்றாமவர் தானாக வந்தார். இருட்டின பிறகு நிற்கும் லோரிகள் இரண்டு மூன்றாகக் குறைந்தன.

இவ்வளவையும் விட்டுவிட்டு 'பத்துப் பேரை நிர்வகித்தேன்' என்று எழுதினால் எப்படி? அந்தப் பத்துப் பேரும் சம்பளத்துக்காக அவர் பேச்சைக் கேட்டவர்கள். ஓட்டுநர்கள் கேட்டதுதான் விஷயம்.

பள்ளியில் மாணவர் தலைவர், பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர் சங்கச் செயலாளர், கட்சி இளைஞர் பிரிவில் பொறுப்பு. இதையெல்லாம் எழுதலாம்தானே?

ரெஸ்யூமேயில் ஒரு வரி எழுதுங்கள். கட்டுரைக்குள் கொண்டுவருவதற்கு முன் யோசியுங்கள்.

என் முதல் வருட விண்ணப்பம் முழுக்க இதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து வாங்கிய பட்டங்களையெல்லாம் வரிசையாக அடுக்கினேன், தோரணம் கட்டிய மாதிரி. பிறகு ஒரு வணிகப் பள்ளியில் படித்து முடித்தவர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, 'இந்தப் பதவிகளில் நீ இல்லாமல் வேறொருத்தி இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?' என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றிரவு யோசித்துப் பார்த்தால், பெரும்பாலான பதவிகளில் ஒன்றும் மாறியிருக்காது. கூட்டம் நடந்திருக்கும், பேனர் கட்டியிருப்பார்கள், விருந்தினருக்கு மாலை போட்டிருப்பார்கள்.

இரண்டாம் முறை ஒரே ஒரு பதவியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதிலும் நான் சொதப்பிய பகுதியைத்தான் எழுதினேன். அதைக் கீழே தோல்விக் கேள்வியில் சொல்கிறேன்.

கோயில் திருவிழா, கால்பந்துக் குழு, தாமான் குடியிருப்பு மண்டபத்தில் டியூஷன், இதெல்லாம் எழுதினால் பட்டிக்காட்டுத்தனமாக இருக்காதா?

இருக்காது. ஆனால் வாசிப்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டும். போஸ்டனில் உட்கார்ந்து படிப்பவருக்குத் தோட்டக் கோயில் கமிட்டி என்றால் என்னவென்று தெரியாது. அது எவ்வளவு பணம் புழங்கும் இடம், அதில் பெரியவர்கள் வைத்ததே சட்டம், இளைஞர்கள் நாற்காலி தூக்குவதற்கு மட்டும்தான் என்ற நிலைமையை இரண்டு வரியில் சொல்லுங்கள். சாமியின் பெயர், தீமிதியின் வரலாறு வேண்டாம்.

ஒரு தங்கச்சி வங்கியில் வேலை பார்க்கிறாள். தோட்டத்துக் கோயிலில் அன்னதானத்துக்கு வரும் பணத்துக்குக் கணக்கு இருந்தது, ஆனால் ஒருவர் வீட்டு நோட்டில் இருந்தது. யாரும் திருடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் சந்தேகம், சண்டை. இவள் நேராகப் போய் 'கணக்கைக் காட்டுங்கள்' என்று கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் அவமானப்பட்டிருப்பார், இவள் அம்மாவுக்குக் கோயிலில் இடம் இருந்திருக்காது. அதனால் 'தாத்தா, உங்களுக்குக் கண் சரியில்லையே, நான் எழுதித் தரட்டுமா' என்று போய் உட்கார்ந்தாள். ஒரு வருடம் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அடுத்த வருடம், இதை அச்சடித்துப் பலகையில் ஒட்டினால் உங்கள் மேல் யாரும் பேச மாட்டார்கள் என்றாள். அவரே ஒட்டினார்.

கட்டுரையில் அவள் முதலில் எழுதியது 'நிதி வெளிப்படைத்தன்மையை நடைமுறைப்படுத்தினேன்'. பாவம், வங்கியில் அப்படித்தான் அறிக்கை எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அடித்துவிட்டுத் தாத்தாவின் கண்ணை எழுதச் சொன்னேன்.

டியூஷன் என்றால் ஒரு கூடுதல் கேள்வி: நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு அது நடக்கிறதா? நடக்கிறது என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.

நம்ம ஊர் துன் சம்பந்தனைப் பற்றி எழுதலாமா?

இது சுங்கை சிப்புட் கேள்வி. நாட்டின் ஆரம்பகால அமைச்சர்களில் ஒருவரான அவர் இங்கே பிறந்தவர் என்பதால் கட்டுரைக்குக் கட்டுரை வருகிறார்.

ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தபோது, வேலையும் வீடும் போய்த் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொல்லிப் பேசி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கலாம் என்று நம்பவைத்தார். அமைச்சர் என்பதால் கூட்டம் கூடியிருக்கும். ஆனால் அன்றாடக் கூலிக்காரர் தன் பையிலிருந்து பத்து வெள்ளியை எடுத்துக் கொடுப்பது அமைச்சர் என்பதற்காக இல்லை. அந்த வித்தியாசத்தை நீங்கள் புரிந்துகொள்ள அவர் நல்ல பாடம். விண்ணப்பத்தில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம், இடம் கேட்பது அவர் இல்லையே.

எங்கள் குடும்பத்தின் கஷ்டத்தை எழுதினால் உதவுமா?

உங்கள் கஷ்டமா, தாத்தாவின் கஷ்டமா என்று முதலில் பாருங்கள். 1998இல் பிறந்து, தாமான் வீட்டில் வளர்ந்து, அஸ்ட்ரோ டிவி பார்த்த பிள்ளை 'மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பால்மர நிழலில்' என்று தொடங்குகிறது. நான் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

உண்மையிலேயே பட்ட கஷ்டம் என்றால் எழுதுங்கள், ஆனால் அது உங்களை எப்படி முடிவெடுக்க வைத்தது என்பதற்காக எழுதுங்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் கோலாலம்பூர் வேலையை விட்டு ஈப்போவுக்கு வந்த ஒருவர் இருக்கிறார். அவர் ரெஸ்யூமேயில் அது ஒரு சறுக்கல் மாதிரித் தெரிகிறது. இரண்டு வரியில் காரணம் சொன்னால் அதே இடம் பலமாகிவிடும். சேர்க்கைக் குழு பரிதாபத்துக்கு இடம் தருவதில்லை, ஆனால் ஒருவர் எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதைக் கவனிக்கிறது.

'நான்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. 'நாங்கள்' என்று எழுதினால் போதாதா?

நம்மை வளர்த்த விதம் அப்படி. தன்னைத் தானே புகழ்ந்தால் பாட்டி திட்டுவாள். ஆனால் ஒரு கட்டுரை முழுக்க 'நாங்கள்' இருந்தால், வாசிப்பவருக்கு நீங்கள் அந்தக் கூட்டத்தில் எந்த மூலையில் நின்றீர்கள் என்று தெரியாது.

நான் கண்டுபிடித்த வழி: உங்களைப் பற்றிப் பெயரடை எழுதாதீர்கள், வினையை மட்டும் எழுதுங்கள். 'நான் பொறுமையாகக் கையாண்டேன்' என்றால் தற்பெருமை. 'நான் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனேன்' என்றால் வெறும் தகவல். பொறுமைசாலி என்ற முடிவுக்கு வாசிப்பவரே வரட்டும். மற்றவர் செய்ததை அவர் செய்ததாகவே சொல்லுங்கள். லோரி வரிசையைக் குறைத்ததில் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்த அந்த இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. அந்தத் தம்பி அதை எழுதியதால் அவர் மதிப்பு கூடியதே தவிர குறையவில்லை.

தோல்வியைப் பற்றிக் கேட்கிறார்கள். சின்னதாக ஒன்றைச் சொல்லித் தப்பிக்கலாமா?

'அதிகமாக உழைப்பதுதான் என் பலவீனம்' வகைப் பதிலை ஆயிரம் முறை கேட்டவர்கள் அவர்கள்.

என்னுடையதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகச் சங்கத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு முகாம் நடத்தப் பொறுப்பேற்றேன். எல்லா வேலையையும் நானே பார்த்தேன், யாரையும் நம்பவில்லை. முகாம் நன்றாகவே நடந்தது. அடுத்த வருடம் நான் இல்லை, முகாமும் இல்லை. எப்படி நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை, நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் விண்ணப்பத்தில் அந்த முகாமை வெற்றியாக எழுதியிருந்தேன். இரண்டாவதில் அதையே தோல்வியாக எழுதினேன். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் எனக்கு அடுத்த நிலையில் இருந்த பெண்ணுக்கு முதல் மாதத்திலிருந்தே கூட்டத்தை நடத்தக் கொடுத்ததையும் சேர்த்து எழுதினேன். நேர்காணலில் அதைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினார்கள்.

'பொருத்தம்' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

நம்ம ஆட்களுக்குப் பொருத்தம் என்றாலே ஜாதகம்தான். அது அவ்வளவு தப்பான உவமையும் இல்லை. ஒரு பக்கத்து நட்சத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பொருத்தம் பார்க்க முடியாது. பெரும்பாலான கட்டுரைகள் பள்ளியின் ஜாதகத்தை மட்டும் வாசிக்கின்றன: உலகத் தரம், சிறந்த பேராசிரியர்கள், பரந்த முன்னாள் மாணவர் வட்டம். அது அவர்களுக்கே தெரியும்.

பள்ளிகள் ஒன்றுக்கொன்று நிஜமாகவே வேறு. ஹார்வர்டில் பாடம் பெரும்பாலும் நிஜ நிறுவனங்களின் கதைகளை வைத்து விவாதமாக நடக்கிறது. ஒரு பிரிவில் ஏறக்குறைய தொண்ணூறு பேர், கையைத் தூக்கிப் பேசாவிட்டால் மதிப்பெண் போய்விடும். இன்சியாட் பள்ளியில் படிப்பு பத்தே மாதம். பிரான்ஸிலும் சிங்கப்பூரிலும் வளாகம், இடம் மாறியும் படிக்கலாம், எந்த நாட்டுக்காரரும் அங்கே பெரும்பான்மை இல்லை. அமெரிக்காவின் இரண்டு வருடப் படிப்பில் நடுவில் ஒரு கோடை விடுமுறை வரும். வேறு துறைக்கு மாற நினைப்பவர் அந்த மாதங்களில் புதுத் துறையில் பயிற்சி வேலை பார்த்துக் கால் பதிக்கலாம். கோலாலம்பூரில் இருக்கும் ஏஷியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் அமெரிக்காவின் எம்ஐடி ஸ்லோன் வணிகப் பள்ளியும் சேர்ந்து 2015இல் தொடங்கியது. அங்கே மாணவர்களை நிறுவனங்களுக்குள் அனுப்பி, உண்மையான சிக்கலைக் கையில் கொடுத்துப் படிக்க வைப்பதுதான் முதுகெலும்பு.

இப்போது உங்கள் ஜாதகம். கையுறைத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கும் ஒரு பெண் அந்தக் கோலாலம்பூர் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். 'எம்ஐடியின் பெயர் இருப்பதால்' என்று காரணம் எழுதியிருந்தாள். உண்மையான காரணம் என்னவென்று குடைந்தேன். தெரியாத இடத்துக்குள் நுழைந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஏழு வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்துவிட்டேன் என்றாள். இது பொருத்தத்தின் ஒரு பாதி: அவளுக்கு என்ன தேவை, அதைக் கொடுக்கும் முறை அங்கே இருக்கிறது. மறு பாதி, அவள் என்ன கொண்டுபோகிறாள்? உற்பத்தி வரிசையில் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பழுதான சரக்கைப் பயத்தில் எப்படி மறைப்பார்கள், யார் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தொழிற்சாலைக்குள் அனுப்பப்படும் மாணவர் குழுவில் ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்தவருக்கு அது தெரியாது. இரண்டு பாதியையும் எழுதினாள். எம்ஐடி என்ற சொல்லே கட்டுரையில் மிஞ்சவில்லை.

இங்கிருந்துகொண்டு பள்ளியைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? போய்ப் பார்க்கக் காசில்லை.

போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளிகள் இணையவழியில் அறிமுகக் கூட்டங்கள் நடத்துகின்றன, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அதைவிட உதவுவது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்தான். லிங்க்டினில் மலேசியரைத் தேடி நான்கு வரி எழுதுங்கள். 'எப்படி இடம் வாங்கினீர்கள்' என்று கேட்காதீர்கள், அது எல்லாரும் கேட்பது. 'அங்கே போய் உங்களுக்கு ஒத்துவராமல் போனது எது' என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்டும் உங்களுக்குப் போக ஆசை இருந்தால், பொருத்தம் பாதி தெரிந்துவிட்டது. பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று பேர் பதில் போடுவார்கள். மானம் போகாது.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது? எங்கள் மேலாளர், 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார்.

நீங்கள் எழுதாதீர்கள். பள்ளிகள் அதை விதிமீறலாகப் பார்க்கின்றன, தவிர நடை காட்டிக்கொடுத்துவிடும்.

நாடாளுமன்ற உறுப்பினர், டத்தோ பட்டம் வாங்கியவர், பெரிய துரை இவர்களிடம் ஓடாதீர்கள். உங்களோடு அன்றாடம் வேலை பார்த்த நேரடி மேலாளர்தான் வேண்டும். வணிகப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டை நடத்தும் ஜிமேக் அமைப்பு வகுத்த பொதுக் கடிதத்தைப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. அதில் முக்கியமான கேள்வி இரண்டு. ஒன்று, இதே மாதிரி வேலையில் இருக்கும் நல்ல ஆட்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி, உதாரணத்தோடு சொல்லுங்கள். இன்னொன்று, நீங்கள் இவருக்குச் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார். இரண்டாவதற்கு டத்தோ என்ன எழுதுவார்?

மேலாளருக்கு எழுத நேரமில்லை என்றால் ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள்: எந்த மாதம், எந்த வேலை, என்ன நடந்தது என்ற ஞாபகக் குறிப்பு மட்டும். அவர் உங்களைத் திட்டிய சம்பவத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள். எனக்கு எழுதிக் கொடுத்த மேலாளர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இதைத்தான் எழுதப் போகிறேன் என்றார். இரண்டு மாதம் முன்னாலேயே கேளுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு சமயத்தில் யாரையும் பிடிக்க முடியாது, விண்ணப்பத்தின் முதல் சுற்று செப்டம்பர் வாக்கிலும் இரண்டாம் சுற்று ஜனவரி வாக்கிலும் முடிகிறது.

எம்ஐடி ஸ்லோனுக்கு விண்ணப்பித்தால் கடிதத்தோடு ஒரு விசேஷமும் உண்டு: உங்கள் நிறுவனத்தின் அமைப்பு வரைபடத்தைக் கேட்பார்கள், யார் யாருக்குக் கீழே, நீங்கள் எங்கே என்று. சின்னக் கட்டம் என்று வெட்கப்பட வேண்டாம். உங்கள் கதையில் வரும் ஆட்கள் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அதிகாரம் இல்லாமலே அவர்களை நீங்கள் நகர்த்தியது பளிச்சென்று தெரியும்.

படிப்பு முடிந்து என்ன செய்வேன் என்று இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. அதை எழுதலாமா?

முழுக்கத் தெரியாமல் யாருக்கும் இத்தனை லட்சம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். அடுத்த வேலை எது என்றாவது தெரிய வேண்டும்: எந்தத் துறை, எந்த மாதிரி நிறுவனம், அதில் உங்கள் பழைய அனுபவம் எங்கே பயன்படும். பத்து வருடத்துக்குப் பிறகு என்ன என்பதைக் கொஞ்சம் கனவாக எழுதினால் பரவாயில்லை. முதல் படி மட்டும் கனவாக இருக்கக் கூடாது.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் நீங்கள் எழுதியதையே. ஹார்வர்டில் முப்பது நிமிடம், எதிரே இருப்பவர் உங்கள் விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்துவிட்டு வருகிறார். சில பள்ளிகளில் முன்னாள் மாணவர் கேட்பார், அவர் உங்கள் ரெஸ்யூமேயை மட்டும் பார்த்திருக்கலாம். எப்படி இருந்தாலும் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள், மனப்பாடம் பண்ணாதீர்கள். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டி பாணி நம்மில் பலருக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையை வீசி, குரலை ஏற்றி இறக்கி. எனக்கும் இருந்தது.

வார்ட்டனில் ஐந்தாறு விண்ணப்பதாரர்களை ஒன்றாக உட்காரவைத்து ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசவிடுவார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்த பிள்ளைகள் அங்கே கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அல்லது யாரோ சொன்னார்கள் என்று முதல் ஐந்து நிமிடத்தையும் தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டாம். இன்னொருவர் சொன்ன யோசனை காற்றோடு போகும்போது அதைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவாருங்கள், இன்னும் பேசாதவரைக் கேளுங்கள். அதற்காக நடிக்க வேண்டாம். ஊர் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் வேலையில் சும்மா நிற்கிற ஆளைக் கூப்பிட்டு மண்வெட்டியைக் கொடுக்கிறீர்களே, அதேதான்.

ஜிமேட் மதிப்பெண் குறைவாக இருந்தால் தலைமைத்துவம் ஈடுகட்டுமா?

ஓரளவுக்கு. வகுப்பைச் சமாளிக்க முடியுமா என்ற சந்தேகம் இருந்தால் கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கஷ்டம். 2023 கடைசியில் வந்த புது வடிவம் இரண்டேகால் மணி நேரம், மூன்று பகுதி, 805 வரை மதிப்பெண். இன்னொரு முறை எழுதுங்கள்.

தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் மொழியில் இடைநிலைப்பள்ளி. என் ஆங்கிலம் அழகாக இல்லை.

அழகு வேண்டாம், தெளிவு போதும். சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஒரு தொழிற்சாலையில் தமிழில் ஒருவரிடமும் மலாயில் ஒருவரிடமும் ஆங்கிலத்தில் மேலாளரிடமும் ஒரே காலையில் பேசி வேலையை முடிப்பதை நாம் ஒரு திறமையாகவே நினைப்பதில்லை. பல நாட்டவர் கலந்த வகுப்பறைக்கு அது பெரிய சொத்து. ஆனால் 'மும்மொழி அறிந்தவள்' என்று எழுதாதீர்கள். எந்த மொழியால் எந்தச் சிக்கல் தீர்ந்தது என்று எழுதுங்கள்.

சாட்ஜிபிடியை வைத்து எழுதலாமா?

பள்ளியின் விதியை முதலில் படியுங்கள். சில இடங்களில் உறுதிமொழியே வாங்குகிறார்கள். என் அனுபவத்தில், அப்படி எழுதி வந்த கட்டுரைகளில் தாத்தாவின் கண் காணாமல் போய் நிதி வெளிப்படைத்தன்மை திரும்பி வந்துவிடுகிறது.

செலவு?

அதிகம். அமெரிக்கப் பள்ளி என்றால் மலேசிய வெள்ளியில் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு வருடத்தில் ஒரு நல்ல வீட்டின் விலை. விண்ணப்பிக்கும் முன்பே பயந்து நிறுத்த வேண்டாம். ஹார்வர்ட் மாதிரி இடங்களில் உதவித்தொகை குடும்ப வசதியைப் பார்த்துத்தான் தருகிறார்கள். பிரிட்டனுக்கு என்றால் அந்நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகை இருக்கிறது. அதுவும் தலைமைத்துவத்தைத்தான் முதலில் கேட்கும், ஆகவே இங்கே செய்யும் வேலை அங்கேயும் உதவும்.

'படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து சேவை செய்வேன்' என்று எழுத வேண்டுமா?

உண்மை என்றால் எழுதுங்கள். நிறையப் பேர் அது எதிர்பார்க்கப்படுகிறது என்று நினைத்து எழுதுகிறார்கள், நேர்காணலில் 'என்ன சேவை?' என்று கேட்டதும் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்து அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுப்பேன் என்பது கெட்ட குறிக்கோள் இல்லை. அந்தக் கோயில் கணக்குத் தங்கச்சி, கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சிறு வங்கிகளுக்கும் கணக்கு முறை அமைத்துக் கொடுக்கும் தொழிலை ஈப்போவில் தொடங்க நினைக்கிறாள். அவள் சேவை என்ற சொல்லையே எழுதவில்லை. மாதக் கட்டணம் எவ்வளவு வாங்கலாம் என்று எழுதியிருக்கிறாள்.

அக்கா, என் கட்டுரையைப் பார்ப்பீர்களா?

பார்க்கிறேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்குமேல் கோயில் மண்டபத்தின் பின்பக்கம் இருப்பேன். கைப்பேசியில் காட்டாதீர்கள், வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டு அச்சடித்துக் கொண்டுவாருங்கள். கூடவே, கட்டுரையில் வரும் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. அந்த ஆலைத் தம்பி ஒரு லோரி ஓட்டுநரைக் கூட்டி வந்தார், சாப்பாட்டு நேரக் கதை பாதி அவர் வாயிலிருந்துதான் வந்தது. மண்டபத்தில் கல்யாணம் என்றால் எதிரே இருக்கும் கடையில் பாருங்கள்.